இலத்தூர்க் குளமும் சமநிலை ஷரத்தும்

அறுபத்தொண்ணாம் வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு, தேசத்தின் சிக்கனத்தைப் பற்றி யோசிப்பதற்காக ஒரு குழு அங்கே வந்து இறங்கியது. உறுப்பினர்கள் ஐந்து பேர், சமையல்காரர் இரண்டு பேர், எண்ணெய் தேய்த்துவிட ஓர் ஆள். பத்து நாள் வேலை என்று சொல்லித்தான் வந்தார்கள்.

குழுவுக்குப் பெயர் சமநிலை வரவு செலவு ஷரத்துப் பரிசீலனைக் குழு. அரசியல் சாசனத்தில் ஒரு புது ஷரத்தைச் சேர்க்கலாமா, கூடாதா என்று அது சொல்ல வேண்டும். "எந்த ஆண்டிலும் தேசத்தின் செலவு அந்த ஆண்டின் வரவை ஒரு நயா பைசாவும் மிஞ்சலாகாது." ஷரத்து இவ்வளவுதான். வீட்டில் சோறு பொங்குகிற எவரும் அரை நிமிஷத்தில் படித்துவிடலாம்.

குழுவின் பேச்சைத் தினமும் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடிப்பதற்கு, தினக்கூலி மூன்று ரூபாய்க்கு குழல்வாய்மொழி அமர்த்தப்பட்டாள். இலத்தூர்க்காரி. இருபத்திரண்டு வயது. தகப்பனார் இல்லை, அம்மா சொக்கம்மாளோடு குளத்துக்கரைக்குக் கீழே இருக்கிற கீழத்தெருவில் குடியிருந்தாள். தென்காசியில் டைப்ரைட்டிங் படித்து ஹையர் பாஸ் பண்ணி ஒன்றரை வருஷம் வேலையில்லாமல் இருந்தவள்.

"உன்னிடம் சிக்கனம் உண்டா அம்மா?" என்று கேட்டார் தலைவர் ஆவுடைநாயகம். டில்லியில் நிதித்துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைக் கோட்டை மழையிலும் கழற்றாதவர்.

"எனக்குச் சம்பளமே கிடையாதுங்கய்யா, இதுவரைக்கும்."

"மிக நல்லது" என்றார் தலைவர்.

காலை பத்து மணிக்கு, குழு தங்கியிருந்த மாளிகையின் கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று ஷரத்தை உரக்க வாசிப்பார்கள். மேஜைமேல் ஒரு பித்தளைத் தராசு இருக்கும். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து இரண்டு தட்டும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார். சமமாக நின்றால்தான் கூட்டம் தொடங்கும். சாரல் காற்றில் ஒரு தட்டு ஆடினால் அன்றைக்குக் கூட்டம் கிடையாது. எல்லோரும் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவார்கள். ஆனி, ஆடி இரண்டு மாதத்தில் தட்டு ஆடாத நாள் பதினொன்று.

அந்தப் பதினோரு நாளும் 'ஆண்டு' என்ற சொல்லில் கழிந்தன. ஆண்டு சித்திரையில் பிறக்கிறதா, ஏப்ரலில் பிறக்கிறதா என்று கட்சி பிரிந்து பேசினார்கள். ஷரத்தை எதிர்ப்பதற்கென்றே குழுவில் சேர்க்கப்பட்டிருந்த பொருளாதாரப் பேராசிரியர் முத்துக்குமாரசாமி, கடன் வாங்காமல் எந்தத் தேசமும் வளர்ந்ததில்லை என்று மேஜையைக் குத்துவார். குத்துகிற வேகத்தில் தராசு ஆடும். கூட்டம் கலையும்.

ஒருநாள் குழல்வாய்மொழி துணிந்து கேட்டுவிட்டாள். "ஐயா, நம்ம குழுவுக்கு ஆகிற செலவு எந்த வருஷத்து வரவிலங்கய்யா சேரும்?"

தலைவர் கோபப்படவில்லை. "நாம் செலவு செய்யவில்லை அம்மா. செலவை ஆராய்கிறோம். மருத்துவர் காய்ச்சலை ஆராய்கிறார். அதற்காக அவருக்குக் காய்ச்சல் என்று சொல்வாயா?"

ஆவணியில் சாரல் நின்றது. அருவி நூலாகிப் போனது. குழு போகவில்லை. வெறும் பேச்சு போதாது, ஷரத்தைச் சிறிய அளவில் நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தாலுகாவில் ஒரு குளத்தைத் தேர்ந்தெடுப்பது. அதை ஒரு தேசமாகப் பாவிப்பது. அதன் தண்ணீர்த் தீர்வையும் மீன் குத்தகையும் தேசத்தின் வரவு, கரையைச் செப்பனிடுகிற மராமத்து தேசத்தின் செலவு. வரவுக்கு மேல் ஒரு கூடை மண்ணும் அதன் கரையில் விழக்கூடாது. மேலிடத்தில் ஒப்புதல் வாங்கி, வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தலைவர் விரல் வைத்தார். விரல் இலத்தூர்மேல் விழுந்தது.

உத்தரவை ஐந்து கார்பன் வைத்து குழல்வாய்மொழிதான் அடித்தாள். ஒரு பிழை இல்லை. தலைவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்றைக்குத் தென்காசியில் இறங்கி அம்மாவுக்குக் கால்கிலோ மைசூர்பாகு வாங்கிப் போனாள்.

புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு வீடு தள்ளியிருந்த நெசவுக்காரர் மூசாவின் மனைவி பாத்திமுத்து அவளைக் கூப்பிட்டாள். "ஏட்டி கொழலு, இங்கன வந்து இதைப் பாரு."

தறிக்குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவர்கள் இறைத்துவிட்டு உட்காருவார்களாம். ஒரு முழம் நெய்வதற்குள் மறுபடி ஊறிவிடுமாம்.

"ஊத்தாயிருக்கும் மாமி."

"ஊத்துன்னா தெளிவால்ல இருக்கணும்?" பாத்திமுத்து ஒரு கை அள்ளிக் காட்டினாள். உள்ளங்கையில் செம்மண் வண்டலாகத் தங்கியது.

மூசா அவளைக் கரையடிக்குக் கூட்டிப்போனார். நடுமடைக்குப் பக்கத்தில் கரையின் அடிவாரத்தில் தண்ணீர் கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கொப்புளத்தைச் சுற்றியும் எறும்புப் புற்று மாதிரி மண் குவிந்திருந்தது.

"தெளிவா வந்தா கசிவு. பயமில்ல. கலங்கி வந்தா கரைக்கு உள்ளேயிருந்து மண்ணைத் தூக்கிட்டு வருதுன்னு அர்த்தம்" என்றார் மூசா. "நாங்க இருபது பேரு சேந்து மணல் மூட்டை போட்டோம். ஓவர்சியர் வந்து எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டாரு."

"ஏன் மாமா? சும்மாதானே போட்டீங்க?"

"சும்மா செஞ்சாலும் வேலைக்கு ஒரு மதிப்பு இருக்காம். மதிப்பு இருந்தா அது செலவாம். இந்த வருசத்துக்குக் குளத்தோட வரவு தீந்துபோச்சாம். ஏதோ உத்தரவு வந்திருக்காம்லா?"

அந்த உத்தரவை அடித்ததே குழல்வாய்மொழிதான். அந்த வாசகம் அவளுக்கு மனப்பாடம். 'உழைப்பாகவோ பொருளாகவோ பெறப்படும் எந்த உதவியும் செலவெனவே கொள்ளப்படும்.' மூன்றாவது பத்தி, இரண்டாவது வரி.

மறுநாள் தலைவர் காலில் விழாத குறையாகக் கேட்டு, மூசாவைச் சாட்சியாகச் சேர்த்துவிட்டாள். புதன்கிழமை மூசா சலவை வேட்டியும் தொப்பியுமாக வந்தார். கையில் ஒரு பாட்டிலில் குளத்தடித் தண்ணீர்.

"வரவுக்குள் செலவு செய்கிறவரா நீங்கள்?" என்று தொடங்கினார் தலைவர்.

"முடிஞ்ச மட்டும் அப்படித்தாங்கய்யா. போன வருசம் மகளுக்கு டைபாய்டு கண்டப்ப வட்டிக்கு வாங்கினேன்."

"ஆக, பற்றாக்குறை."

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "மகள் பிழைத்தாளா?"

"பொழச்சிட்டாய்யா. ஆண்டவன் புண்ணியம்."

"குறித்துக்கொள்ளுங்கள்! ஆக்கபூர்வமான பற்றாக்குறை!"

"கடன் வாங்காவிட்டாலும் பிழைத்திருக்கலாம்" என்றார் தலைவர். "அதை நிரூபிக்க முடியாதபடி சாட்சி அவசரப்பட்டுவிட்டார்."

மூசா யார் பக்கத்துச் சாட்சி என்பதில் நாற்பது நிமிஷம் போயிற்று. டீ வந்தது. சாட்சிக்கு டீ கொடுத்தால் அது எந்தச் செலவு இனத்தில் சேரும் என்று தெரியாததால் அவருக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் மூசாவே வாயைத் திறந்தார்.

"ஐயா, தண்ணி கலங்கி வருது. கரைக்குள்ள பொந்து விழுந்தாச்சு. ஐப்பசி மழைக்குக் குளம் பெருகுனா நிக்காது. கீழத்தெருவில முப்பத்தெட்டு வீடு இருக்கு. நீங்க காசு தர வேண்டாம். எங்களை மண்ணு போட விட்டாப் போதும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் கனிவுதான் இருந்தது.

"உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கசிவுக்காக விதியைத் தளர்த்தினால், நாளைக்கு எல்லாக் குளமும் கசியத் தொடங்கும். விதி என்றால் அது முகம் பார்க்கக் கூடாது. முகம் பார்க்காததால்தான் அது எல்லோருக்கும் சமம். முப்பத்தெட்டு வீட்டைப் பார்த்து நான் இளகிவிட்டால், இன்னும் பிறக்காத கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?"

பாட்டிலுக்குச் சான்று இருநூற்றுப் பன்னிரண்டு என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தார்கள். மறுநாள் காலையில் வண்டல் அடியில் படிந்து, மேலே தண்ணீர் பளிங்காக நின்றது. தலைவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தெளிவாகத்தானே இருக்கிறது" என்றார். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

குழல்வாய்மொழி பேராசிரியரைத் தனியே பிடித்தாள். தாழ்வாரத்தில் நின்று மலையைப் பார்த்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க இந்த ஷரத்தே வேண்டாம்னு சொல்லுதவங்க. நீங்க கலெக்டருக்கு ஒரு வார்த்தை எழுதினாப் போதும், எங்களை வேலை செய்ய விட்டிருவாங்க."

"எழுதலாம் அம்மா. எழுதினால் கரை நின்றுவிடும். நின்றுவிட்டால், ஷரத்து இருந்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று தலைவர் சொல்வார்." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவளை வாஞ்சையோடு பார்த்தார். "இருபது வருஷமாக நான் புள்ளிவிவரம் காட்டுகிறேன். ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு குளம் போதும். ஒரே ஒரு குளம். அப்புறம் இந்தத் தேசத்தில் எவனும் சமநிலை என்று பேசமாட்டான்."



ஐப்பசி இரண்டாம் தேதி மழை தொடங்கி விடாமல் பெய்தது. குளம் தினமும் ஒரு சாண் ஏறியது. மூசாவின் தறிக்குழி முட்டளவு நிறைந்துவிட்டது. அவர் நெய்வதை நிறுத்திவிட்டார்.

நல்ல வழியென்று நினைத்துத்தான் குழல்வாய்மொழி அந்தக் காரியத்தைச் செய்தாள். குழுவின் கடிதத்தாளை எடுத்து, ஓவர்சியர் பெயருக்கு, வெள்ளிக்கிழமை முற்பகல் தலைவரும் உறுப்பினர்களும் இலத்தூர்க் குளக்கரையைப் பார்வையிட வருகிறார்கள், உரிய ஏற்பாடுகள் செய்க என்று அடித்தாள். கையெழுத்துக்கு வைத்த கட்டின் நடுவில் செருகினாள். தலைவர் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல, படிப்பது நேரச்செலவு. பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்றால் ஓவர்சியர் பயந்து கரையைச் செப்பனிடுவார் என்பது அவள் கணக்கு.

புதன்கிழமை சாயங்காலம் அவள் இலத்தூரில் இறங்கியபோது கரைமேல் முப்பது ஆட்கள் கடப்பாறையோடு நின்றார்கள். மனம் குளிர்ந்து ஓடினாள். கிட்டே போனதும் கால் நின்றுவிட்டது. அவர்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நடுமடைக்கு நேர்மேலே, மலை நன்றாகத் தெரிகிற இடத்தில் பந்தல். பன்னிரண்டு கால். ஆள் இடுப்பளவுக் குழி. குழிகளின் அடியில் ஏற்கெனவே தண்ணீர் மினுங்கியது.

"ஐயா, ஐயா! பொத்தல் இதுக்கு அடியிலதான் இருக்கு!" என்று கத்தினாள்.

ஓவர்சியர் குடையைச் சாய்த்துப் பார்த்தார். "தெரியும்மா. மராமத்துக்குத்தான் தடை. வரவேற்புக்குத் தடை கிடையாது. அது வேற இனம். மண்ணு போட்டாத்தானே செலவு? நான் மண்ணை எடுக்கேன்."

மூசா ஒரு குழிக்குள் இறங்கி நின்றுகொண்டார். நாலு பேர் அவரைத் தூக்கி வெளியே விட்டார்கள்.

மறுநாள் காலையில் தலைவரிடம் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள். "ஐயா, அந்தக் கடுதாசியை நான்தான் எழுதினேன். நீங்க வர வேண்டாம். பந்தலைப் பிரிக்கச் சொல்லுங்க."

தலைவர் சிரித்தார். "நீ டைப் அடித்தாய், அவ்வளவுதான். கையெழுத்து என்னுடையது. எண்ணமும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். தேசத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகவே ஓர் ஆசை."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாத்திமுத்து ஓடிவந்தாள். தறிக்குழி வழிந்து வாசலுக்கு வந்துவிட்டது. தண்ணீர் ரத்தம் மாதிரி சிவந்து, அடியிலிருந்து குதித்துக்கொண்டிருந்தது.

குழல்வாய்மொழியும் அவளும் வீடு வீடாகப் போனார்கள். யாரும் நகரவில்லை. "புரட்டாசியிலேருந்து ஒடையும் ஒடையும்னுதான் சொல்லுதீய" என்றார்கள். மேலும், பதினொரு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு பேர் கரையடியில் காகிதக் கொடியோடு நிற்க வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்தது.

அவள் வீட்டுக்குள் போய் குழுவின் கடிதத்தாள் ஒன்றை எடுத்து வந்தாள். வெறும் தாள்தான்; தலையில் சிங்கமுத்திரை இருந்தது. தெருமுனையில் நின்று அதைக் கையில் விரித்து, தலைவர் பேசுகிற அதே தொனியில் வாசித்தாள்.

"இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கீழத்தெரு வாசிகள் அனைவரும் குழந்தை குட்டி, ஆடு மாடு, தட்டுமுட்டுச் சாமான்களுடன் பத்து மணிக்குள் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆஜராக வேண்டியது. நேரில் வருவோருக்கு மட்டும் ஆளுக்கொரு வேட்டி, சேலை இனாமாக வழங்கப்படும்."

அரைமணி நேரத்தில் தெரு காலியாயிற்று. நடக்க முடியாத இரண்டு கிழவர்களைக் கட்டிலோடு தூக்கிப்போனார்கள். சொக்கம்மாள் கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். பாத்திமுத்து எல்லோருக்கும் பின்னால் வந்து, தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"நெய்யுதவளுக்கே இனாம் சேலையா கொழலு" என்று சிரித்தாள். பிறகு மேட்டைப் பார்த்து நடந்தாள்.

குழு பதினொன்றரைக்கு வந்தது. தூறல். பந்தலில் ஐந்து நாற்காலி, மேஜை, அதன்மேல் மைக். மூசா கரையோரம் நின்று பந்தல்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குழல்வாய்மொழி நோட்டோடு தரையில் உட்கார்ந்தாள். கீழே காலியான தெருவையும் மேட்டில் மொய்க்கிற தலைகளையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு மூச்சு வந்தது.

"இதோ இந்தக் குளத்தைப் பாருங்கள்" என்று தொடங்கினார் தலைவர். "கடன் வாங்கவில்லை. கை நீட்டவில்லை. தன் கரைக்குள் தான் அடங்கி நிற்கிறது. ஒரு தேசத்துக்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்? இந்தக் கரை இடியும் என்று சொன்னவர்கள் உண்டு. இடியவில்லை. நான் இதன் மேலேயே நிற்கிறேன்!"

பேராசிரியர் நாற்காலியின் கால் இரண்டு அங்குலம் இறங்கியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அப்போது குழல்வாய்மொழி மறுபடியும் கீழே பார்த்தாள். மேட்டிலிருந்து ஒரு பச்சைச் சேலை இறங்கி, கீழத்தெருவுக்குள் நுழைந்து, மூசாவின் வீட்டுக்குள் போயிற்று.

"மாமி!" என்று எழுந்து அலறினாள். தலைவர் பேச்சை நிறுத்தி, சுருக்கெழுத்தர் பேசலாகாது என்றார்.

அதே சமயம் மேற்குப் பந்தல்கால் ஒன்று, யாரோ கீழேயிருந்து இழுத்தது போல, நேராகத் தரைக்குள் போயிற்று. மூசா பாய்ந்து வந்து தலைவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் கரையோரமாக இழுத்துக்கொண்டு ஓடினார். "ஓடுங்கய்யா, எல்லாரும் ஓடுங்க!" மற்றவர்களும் ஓடினார்கள். நூறு கஜம் தாண்டியதும் தலைவர்மேல் கை வைத்ததற்காக இரண்டு போலீஸ்காரர்கள் மூசாவின் கையைப் பின்னால் முறுக்கினார்கள். அவர் மண்டியிட்டிருக்கும்போது பந்தலும் நாற்காலிகளும் மைக்கும் மெதுவாக உள்ளே போயின. பிறகுதான் சத்தம் வந்தது.

கீழத்தெரு முழுவதும் கால்மணி நேரத்தில் போய்விட்டது. தன் மனைவி கீழே இருந்தாள் என்பது மூசாவுக்குச் சாயங்காலம் தென்காசி ஸ்டேஷனில்தான் தெரிந்தது. மறுநாள் ஓடைக்கரைத் தாழம்புதரில் பாத்திமுத்துவைக் கண்டெடுத்தார்கள். தறியிலிருந்து அறுத்தெடுத்த பாவு நூலை மார்போடு சுற்றிக் கட்டியிருந்தாள். நெசவாளர் சொசைட்டி நெய்வதற்குக் கொடுத்த நூல் அது. போனால் பதில் சொல்ல வேண்டுமே என்று திரும்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை குழு கூடியது. மூசாமேல் போட்ட வழக்கு பெருந்தன்மையோடு திரும்பப் பெறப்பட்டது. தலைவர் அறிக்கையைச் சொல்லச் சொல்ல குழல்வாய்மொழி அடித்தாள்.

"பரீட்சார்த்தம் வெற்றி. குளத்தில் இப்போது நீர் இல்லை. ஆகவே கரைக்கு மராமத்துத் தேவையும் இல்லை. நடப்பாண்டில் வந்த நீரும் போன நீரும் சமம். வரவும் செலவும் சமம். உயிர்ச்சேதம்..." கொஞ்சம் யோசித்தார். "மக்கள் தொகையை நோக்க, இல்லை."

"ஒண்ணு, ஐயா" என்றாள்.

"சதவிகிதத்தில் வராது அம்மா."

பேராசிரியர் தமது மறுப்புக் குறிப்பை வாசித்தார். அதில் பாத்திமுத்து நான்கு இடத்தில் வந்தாள். ஓர் இடத்திலும் பெயர் இல்லை. உருக்கமாக இருப்பதாகத் தலைவரே கைகுலுக்கினார். ஆனால் ஒரு குளத்தை வைத்து இரு தரப்பும் முடிவுகட்ட முடியாது என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டார்கள். மாதிரி போதவில்லை. ஜில்லாவிலுள்ள குளங்கள் எல்லாவற்றுக்கும், மலையடிவார அணைகளுக்கும் பரீட்சார்த்தத்தை விரிவாக்குவது என்று தீர்மானம் ஆயிற்று.

"ஐந்து கார்பன்" என்றார் தலைவர்.

குழல்வாய்மொழி தாள்களை அடுக்கி உருளையில் ஏற்றினாள். விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு தாள்களை உருவி மேஜையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

மழை விட்டிருந்தது. வாசல்படி இறங்கி வேலியைத் தாண்டும்போது பின்னால் டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. நின்று திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியாகப் பேராசிரியர் தெரிந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, இரண்டே விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, உத்தரவை அவரே அடித்துக்கொண்டிருந்தார்.